பால் வராமல் இரண்டாம் வரி இல்லை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குத் தோன்றியதெல்லாம் சட்டமாகிவிடும் நாட்களில், ஒரு செம்மண் தேசத்து ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. செங்கல் சூளையில் கல் சுமக்கும் ஏழைப் பிள்ளைகள் மூன்றே மாதத்தில் எழுதப் படிக்க வேண்டும்! என்ன பாடம், எந்த வரிசையில் என்று வகுக்கும் வேலையை, சபையைச் சிரிக்க வைக்கும் குழைக்காதரிடம் ஒப்படைத்தார்.

ஆஸ்தான பண்டிதர் சோமாசியாருக்கு இது பொறுக்கவில்லை.

"மன்னா, புதுப் பாடம் எதற்கு? அரண்மனைப் பிள்ளைகளுக்கு அடியேன் எழுதிய ஏடு இருக்கிறதே! ஓர் எழுத்துக் கூடாமல், குறையாமல், வரிசை மாறாமல் அதையே நடத்தட்டும். பிள்ளைகள் தேறாவிட்டால் பள்ளியை மூடிவிடலாம். குழைக்காதரும் ஊரைவிட்டுப் போகட்டும்."

ராஜா தலையாட்டினார். ஓலையில் முத்திரை விழுந்தது.

செங்கல்லை வைத்தே எண்ணும் எழுத்தும் சொல்லித்தர நினைத்திருந்த குழைக்காதர், அந்த ஏட்டைச் சுமந்துகொண்டு சூளையோரம் பள்ளிக்காகப் போட்ட கொட்டகைக்குப் போனார். முதல் நாள், விடியும் முன்பே கல் சுமந்துவிட்டு வந்த பிள்ளைகள் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தார்கள். சடைச்சி என்ற சிறுமியை மெல்லத் தட்டி எழுப்பினார்.

"நேத்து மத்தியானம் சாப்பிட்டது சாமி. எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றாள் அவள்.

அன்று அவருக்கும் சோறு இறங்கவில்லை. ஏட்டைப் புரட்டினார். முதல் வரியிலேயே கண் நின்றது. தாமே போய்க் கேட்டால் பண்டிதர் தடுத்துவிடுவார். அவரே இதைச் சபைக்குக் கொண்டுவரட்டும் என்று, முதல் வரியை மட்டும் நடத்திக்கொண்டு காத்திருந்தார்.

பத்தாம் நாள் சோமாசியார் சபையில் குதித்தார். "மன்னா, இன்னும் முதல் வரியைத் தாண்டவில்லையாம்!"

ராஜாவின் முகம் சிவந்தது. "உண்மையா?"

குழைக்காதர் எழுந்து கைகூப்பினார். தம் வேலை போனால் போகட்டும், அந்தப் பள்ளிக் கொட்டகையும் போய்விடுமே!

"உண்மைதான் பிரபு. முதல் வரி, 'காலையில் பசும்பால் பருகு.' இரண்டாம் வரி, 'வயிறார உண்.' வரிசை மாறக்கூடாது என்பது தங்கள் ஆணை. பால் இன்னும் வரவில்லை. பருகாமல் அடுத்த வரிக்குப் போனால் ஆணையை மீறியவன் ஆவேன்."

"அது படிப்பதற்கு எழுதியது ஐயா, செய்வதற்கு அல்ல!" என்று சீறினார் பண்டிதர்.

"அரண்மனைப் பிள்ளைகள் படிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்களா?"

ராஜா மீசையை நீவினார்.

"நாளை முதல் சூளைக்குப் பாலும் சோறும் போகட்டும். கெடுவும் நாளையிலிருந்தே தொடங்கும். ஆனால் குழைக்காதரே, இனிமேல் எந்தச் சாக்கும் செல்லாது."

பிள்ளைகளின் கன்னத்தில் சதை பிடித்தது. குழைக்காதர்தான் கவலையில் துரும்பாய் இளைத்தார்.

சோதனை நாள் மாலை ராஜாவே கொட்டகைக்கு வந்தார். சடைச்சி எழுந்து பிழையில்லாமல் வாசித்துக்கொண்டே போனாள். கடைசி வரிக்கு வந்தபோது சூளைப் பக்கமிருந்து கங்காணியின் குரல் கேட்டது.

"கல்லு ஏத்தணும், வாங்க புள்ளைங்களா!"

"'மாலையில் ஓடி விளையாடு'" என்று வாசித்த சடைச்சி ஒரு கணம் யோசித்தாள். ஏட்டைக் கீழே வைத்தாள். "வாங்கடா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். அத்தனை பிள்ளைகளும் ராஜாவைத் தாண்டி, சூளைக்கு எதிர்ப்பக்கம் இருந்த பொட்டலுக்கு ஓடினார்கள்.

குழைக்காதருக்கு உயிரே போயிற்று. ஒரு கும்பிடுகூடப் போடவில்லையே!

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மோதிரத்தைக் கழற்றிக் குழைக்காதர் கையில் வைத்து, "இரண்டாம் ஏட்டை நீரே எழுதும்" என்றார். பிள்ளைகளைத் தேடி வந்த கங்காணியிடம், "இனி இவர்கள் கல் தொடமாட்டார்கள். நம் பண்டிதரே எழுதிவிட்டார், நான் என்ன செய்ய?" என்று கையை விரித்தார்.

மூன்று மாதத்தில் அன்றுதான் குழைக்காதருக்குச் சிரிப்பு வந்தது.