ஒரே சீட்டுக்கு இரண்டு பேர்

பேருந்து முன்பதிவுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனம் ஒன்று மதுரையில் இருந்தது. அதன் தலைமைப் பொறியாளர் மரகதவல்லி. அவரிடம் தொழில் கற்று வளர்ந்தவன் இளம்பரிதி. ஆளெடுக்கும் பொறுப்பை அவனிடம் விட்டிருந்தார்.

ஒரு நாள் காலை அவன் சலித்துக்கொண்டு வந்து நின்றான்.

"மேடம், கோடிங் பயிற்சி மையத்துல சில மாசம் படிச்சவங்கல்லாம் வேலை கேட்டு வர்றாங்க. இவங்களை நம்பி எடுக்கலாமா?"

"இப்ப யாராவது வந்திருக்காங்களா?"

"ரெஜினான்னு ஒருத்தங்க. துணிக்கடையில வேலை பார்த்தவங்க. அதை விட்டுட்டுப் படிச்சிருக்காங்க."

"வரச் சொல்லு."

ரெஜினா வந்தாள். மரகதவல்லி அவளிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒரு கணினி முன் உட்கார வைத்தார்.

"ரெண்டு பேர் ஒரே நேரத்துல அழுத்தினா, நம்ம முன்பதிவு மென்பொருள் ஒரே சீட்டை ரெண்டு பேருக்கும் கொடுத்துடுது. சரி பண்ணும்மா."

ரெஜினா திரையை ஒருமுறை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். "இதை எங்களுக்குச் சொல்லித் தரலை மேடம். தேடிப் படிச்சுப் பண்ணலாமா?"

"தாராளமா."

இளம்பரிதி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

அவள் படித்தாள், எழுதினாள். வேலை செய்யவில்லை. அத்தனையையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். சாப்பிடக்கூட எழவில்லை. தெரியாததைக் கூச்சமில்லாமல் பக்கத்து மேஜையில் கேட்டாள்.

மாலையில் இளம்பரிதியைக் கூப்பிட்டாள். "சார், உங்க போன்ல நீங்க அழுத்துங்க. என் போன்ல நானும் அழுத்தறேன்."

அழுத்தினார்கள். சீட் அவனுக்குக் கிடைத்தது. அவள் திரையில், 'இந்த இருக்கை ஏற்கெனவே பதிவாகிவிட்டது' என்று வந்தது.

"வேலை செய்யுதே!" என்றான்.

"இருங்க சார். பாதியில நெட் போனா?" என்று தானே இணைப்பைத் துண்டித்தாள். சீட் யாருக்கும் கிடைக்காமல் நடுவில் மாட்டிக்கொண்டது. மறுபடி உட்கார்ந்தாள்.

அதையும் அவள் சரிசெய்தபோது அறையே அவளைச் சுற்றி நின்றது. ரெஜினா இரண்டு கைகளையும் உயர்த்திக் கத்திவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விட உரக்கத் தட்டியது தான்தான் என்று இளம்பரிதிக்குச் சற்றுப் பிறகுதான் தெரிந்தது.

"நாளைக்கே வேலைக்கு வந்துடு" என்றார் மரகதவல்லி.

அவள் போனதும் அவன் கேட்டான்: "அப்போ பயிற்சி மையத்துல படிச்சவங்களை எடுக்கலாம், அப்படித்தானே மேடம்?"

"நான் ரெஜினாவை எடுத்திருக்கேன். வெளியே வேலை கேட்டு இன்னொருத்தர் உட்கார்ந்திருக்கார். அவர் யாருன்னு எனக்கு இன்னும் தெரியாது. உள்ளே கூப்பிடு."