இடைவெளியை மூடியது யார்?

வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். இந்தக் கதையில் ஒருத்தி ஏற்கெனவே வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறாள். ஒன்று போதும்.

அவள் பெயர் ஜெனிலா. நாகர்கோவில் பக்கம், பிளஸ் ஒன் படிக்கிறாள். மேல்வரிசை முன்பற்கள் உதட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும். அவற்றை உள்ளே தள்ள இடம் வேண்டுமே! அதற்காகப் பல் மருத்துவக் கல்லூரியில் இரண்டு கோரைப்பற்களுக்கும் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக நல்ல பற்களைப் பிடுங்கினார்கள். இரு பக்கமும் ஏழு மில்லிமீட்டர் இடைவெளி. அதற்குள் முதலில் கோரைப்பல் பின்னால் வர வேண்டும், பிறகு முன்பற்கள். அந்த இடம் வீணானால் பல் எடுப்பாகவே நின்றுவிடும். மறுபடி பிடுங்க வேறு பல் கிடையாது.

இங்கேதான் ஆராய்ச்சி புகுந்தது. வலப்பக்கம் முதுநிலை மாணவர் சங்கரபாண்டியின் முரட்டு ஸ்பிரிங், முந்நூறு கிராம் இழுவை. இடப்பக்கம் அவருடன் படிக்கும் வாஜிதாவின் மெல்லிய ஸ்பிரிங், நூறு கிராம். இரண்டும் ஒரு முனையில் கோரைப்பல்லையும் மறுமுனையில் கடைவாய்ப்பல்லையும் கொக்கி போட்டுப் பிடித்திருந்தன.

துறைத்தலைவர் கோமதிநாயகம் பேசினால் பேருந்து நிலைய ஒலிபெருக்கி தோற்றுவிடும். அன்றே அவர் போர்டில் எழுதி அறிவித்தார்: "நாலு மாசம்! எந்தப் பக்கம் இடைவெளி அதிகம் குறையுதோ, அந்த ஸ்பிரிங்தான் ரெண்டு பக்கமும்! ஆய்வுல மிச்சமிருக்கிற பதினோரு பேருக்கும் அதேதான்! இது என் வார்த்தை!"

மாணவர்கள் இருவரும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

நாலு மாதம் முடிந்தது. அளந்தார்கள். வலப்பக்கம் மூன்று மில்லிமீட்டர்தான் மிச்சம். இடப்பக்கம் நான்கு. சங்கரபாண்டியின் முகத்தில் முப்பத்திரண்டும் தெரிந்தன.

துறைத்தலைவர் இடப்பக்கத்து மெல்லிய ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்தார். புதிய முரட்டு ஸ்பிரிங் குறட்டின் நுனியில் ஏறி, ஜெனிலாவின் இடக்கன்னத்தை நோக்கி வந்தது.

"ஹாக்கர்! ஹல்லு ஏயி இக்குது!" உதட்டை அகட்டும் பிளாஸ்டிக் வளையத்துக்குள்ளிருந்து இப்படித்தான் வரும். நீங்களும் பேசிப் பாருங்கள்.

வாஜிதா சட்டென்று வளையத்தை எடுத்துவிட்டார். "இப்பச் சொல்லும்மா."

"வலப்பக்கம் கடிச்சா மேல் கடைவாய்ப்பல்லு கீழ்ப்பல்லு மேல ஏறி நிக்குது டாக்டர். முன்னாடி ஒழுங்கா உக்காரும். இப்பம் முறுக்குகூட அரைய மாட்டேங்கு."

"முறுக்கா!" ஒலிபெருக்கி அதிர்ந்தது. "கம்பி போட்ட வாயில முறுக்கா? யார் சொல்லித் தின்ன?"

"ஒண்ணே ஒண்ணு சார். அதுவும் உடைஞ்சது."

"கம்பியா?"

"முறுக்கு, சார்."

வாஜிதா சிரிக்கவில்லை. முதல் மாதம் எடுத்த பிளாஸ்டர் பல் அச்சையும் இன்றைய அச்சையும் அருகருகே வைத்துக் குனிந்தார். மேலண்ணத்தில் உள்ள வரிமடிப்புகள் அச்சிலும் பதிந்திருக்கும். பற்கள் நகர்ந்தாலும் அந்த மடிப்புகள் இருந்த இடத்திலேயேதான் இருக்கும்.

"இடைவெளி குறைஞ்சது சரி, சார். யாரு நகர்ந்து குறைஞ்சது?"

"யாரு நகர்ந்தா என்ன?" சங்கரபாண்டி போர்டைக் காட்டினார். "யாரு நகரணும்னு அதுல எழுதியிருக்கா வாஜிதா? நீயும்தான கையெழுத்துப் போட்ட? தோத்த பிறகு வந்து கேள்வி கேட்கிற!"

அதிலும் நியாயம் இருக்கத்தானே செய்கிறது? துறைத்தலைவரின் கை அந்தரத்தில் நின்றது. ஜெனிலா குறட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கொடுத்த வார்த்தைப்படி ஸ்பிரிங்கை மாட்டப்போகும் துறைத்தலைவர், கையெழுத்தைக் காட்டும் சங்கரபாண்டி, கையெழுத்துப் போட்ட பிறகும் கேள்வி கேட்கும் வாஜிதா. இதில் யார் பக்கம் சரி?

விடை: வாஜிதா பக்கம். ஸ்பிரிங்குக்கு முன்னும் பின்னும் தெரியாது. பிடித்த இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கும். மெல்ல இழுத்தால் ஒற்றை வேர் கொண்ட கோரைப்பல் நகரும், பல வேர்களோடு கடைவாய்ப்பல் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். முரட்டுத்தனமாக இழுத்தால் கடைவாய்ப்பல்லும் கிளம்பி முன்னால் வந்துவிடும். மடிப்புகளிலிருந்து அளந்தபோது வலப்பக்கக் கோரைப்பல் ஒன்றரை மில்லிமீட்டர்தான் பின்னால் போயிருந்தது. மிச்ச இரண்டரையைக் கடைவாய்ப்பல் முன்னால் வந்து தின்றிருந்தது. இடப்பக்கத்தில் கோரைப்பல்லே இரண்டரை போயிருந்தது, கடைவாய்ப்பல் அரைதான். வார்த்தை கொடுத்தது கோரைப்பல்லுக்காக, அளந்ததோ வெறும் ஓட்டையை. துறைத்தலைவர் குறட்டைக் கீழே வைத்தார். கோரைப்பல் நகர்ந்த தூரமே கணக்கு என்று விதியை மாற்றியதையும், ஏன் மாற்றினோம் என்பதையும் ஆய்வேட்டில் ஒளிக்காமல் எழுதச் சொன்னார். வலப்பக்க ஸ்பிரிங்கைச் சங்கரபாண்டியே கழற்றினார். ஜெனிலாவுக்கு அந்தப் பக்கம் மிச்சம் மூன்று மில்லிமீட்டர். கடைவாய்ப்பல் இனியும் முன்னால் வந்து அதைத் தின்னாதபடி அண்ணத்தோடு சேர்த்துக் கட்டிப்போட வேறொரு கம்பியை வளைக்க உட்கார்ந்தவரும் அவர்தான்.