இல்லை என்று எழுதாதவள்

“இலக்கணம் எனக்குத் தலைகீழா மனப்பாடம், மதாம். அப்புறம் ஏன் பத்துக்கு முட்டை?”

கேட்டவள் தையல்நாயகி. வயது நாற்பத்தெட்டு. மதாம் ஜெரால்தீனுக்கு இருபத்தாறு. புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க நரை முடி கேட்பதில்லை.

சனிக்கிழமை தேர்வு. தேறினால் நூலகத்தில் வேலை. இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் விட்டால் வேலை வேறொருத்திக்கு.

மதாம் தாளைத் தட்டினாள்.

“‘வீட்டில் அரிசி இல்லை.’ பிரெஞ்சுல என்ன எழுதியிருக்கீங்க?”

“‘அரிசி வாங்க வேண்டும்.’”

“இதுல ‘இல்லை’ எங்கே?”

“விளக்கு வைக்கிற வீட்டுல அரிசி இல்லைன்னு வாயால சொல்லுவாங்களா, மதாம்?”

“‘உப்பு இல்லை’?”

“‘உப்பு நிறைந்திருக்கிறது.’”

“‘நாளைக்கு நான் வர மாட்டேன்’?”

“‘பார்க்கலாம்.’” அவளுக்கே குரல் இறங்கிவிட்டது.

மதாம் தன் கைப்பையை நீட்டினாள். “கொஞ்சம் பிடிங்க.”

பிடித்தாள்.

குடையை நீட்டினாள். ஹெல்மெட்டை நீட்டினாள். இரண்டு அகராதிகளை நீட்டினாள். எதற்கு என்றோ வேண்டாம் என்றோ தையல்நாயகி ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே! கையில் பை, கக்கத்தில் குடை, முழங்கையில் ஹெல்மெட், மார்போடு அகராதிகள்.

“இப்ப எழுதுங்க.”

“கை ஏது, மதாம்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

வகுப்பு அத்தோடு முடிந்தது.

சனிக்கிழமை காலை. செருப்பில் கால் நுழைக்கும்போது மாமனார் கூப்பிட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்தவர். யார் பிரெஞ்சு பேசினாலும் நொட்டை சொல்பவர்.

“தையல், உன் நாத்தனார் பாக்கியம் வீட்டுலேர்ந்து பன்னிரண்டு பேர் மத்தியானம் சாப்பிட வராங்க. மீன் வாங்கி வச்சிட்டேன்.”

‘ஆகட்டும் மாமா’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இருபத்தாறு வருஷப் பழக்கம், சும்மாவா?

முழங்கையில் ஹெல்மெட் கனத்தது. அங்கே ஹெல்மெட்டே கிடையாது.

“ழெ நெ க்யுஸீன் பா ஓழூர்துயி.”

புருஷன் பொன்னுரங்கத்தின் காபி பாதி வழியில் நின்றது.

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். “என்ன சொன்னே?”

“இன்னிக்கு நான் சமைக்க மாட்டேன், மாமா. தமிழ்லயும் அதேதான்.”

கிழவர் உதட்டை அசைத்து அந்த வாக்கியத்தை முன்னும் பின்னும் மென்று பார்த்தார். நொட்டை அகப்படவில்லை.

மகன் பக்கம் திரும்பினார். “மீன் அரியத் தெரியுமாடா?”

“தெரியாதுப்பா.”

“இந்தத் ‘தெரியாது’ மட்டும் உனக்கு எப்பவும் சரளமா வருது. எழுந்து வா.”

தேர்வு மண்டப வாசலில் மதாம் நின்றிருந்தாள். ஹெல்மெட்டை நீட்டினாள்.

“கொஞ்சம் பிடிங்க.”

“மாட்டேன், மதாம்.”

நிற்கக்கூட இல்லை. பேனாவைத் திறந்துகொண்டே படியேறிவிட்டாள்.

“பத்துக்குப் பத்து!” என்று கத்தினாள் மதாம், தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்க.