யோவேல் சாப்பிடப் போன வீடு

"சிஸ்டர், இனி அந்த மலைக்கு நான் போகமாட்டேன்" என்றார் யோவேல்.

ஜெப வீட்டு வாசலில் உட்கார்ந்து சலோமி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். யோவேலை விட இருபது வயது இளையவர். ஆனாலும் அந்தப் பக்கத்தில் ஊழியம் செய்கிறவர்களுக்கு மனசு சோர்ந்துபோனால் அவரிடம்தான் வந்து நிற்பார்கள்.

"எந்த மலை?"

"மேல் லயன். தேயிலை பறிக்கிறவங்க குடியிருப்பு. பதினெட்டு வீடு. மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம மத்தியானம் போய் நின்னு மைக் பிடிச்சுப் பேசுறேன். என் சத்தம் மூடுபனிக்குள்ள போகுது, அதோட சரி. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கிட்ட வந்து என்ன ஏதுன்னு கேட்டதில்ல."

"அந்தப் பதினெட்டு வீட்டுல எந்த வீட்டுக் குழம்புல உப்பு தூக்கலா இருக்கும்?"

யோவேல் விழித்தார்.

"எனக்கு எப்படித் தெரியும்? அங்க யார் வீட்டுலயும் நான் கை நனைச்சதில்ல."

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

"யாரும் கூப்பிடலையே."

"கேளுங்க."

"நான் கொடுக்கப் போறவன் சிஸ்டர். கேட்டு வாங்கிச் சாப்பிடப் போறவன் இல்ல."

சலோமி முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு யோவேல் மைக் எடுக்காமல் வெறுங்கையோடு மலை ஏறினார்.

பனி அன்று தரையோடு தரையாக நகர்ந்துகொண்டிருந்தது. தேயிலைச் செடிகள் தெரிந்தன, மறைந்தன. மேல் லயன் ஒரு சமயம் இருந்தது, ஒரு சமயம் இல்லை. தான் நடக்கிறோமா, இல்லை மலைதான் தன்னைத் தாண்டி மெல்ல மிதந்து போகிறதா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

கடைசி வீட்டின் கதவு திறந்திருந்தது. அந்த வீட்டுக்காரி அவர் பேச்சை ஆரம்பித்ததுமே கதவைச் சாத்துகிறவள். வள்ளித்தாய் என்ற அவள் பெயர்கூட அன்றுவரை அவருக்குத் தெரியாது.

"அம்மா..."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"பசிக்குது."

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவள் கண்ணைச் சுருக்கினாள்.

"யாரு, மைக்செட்டு அண்ணனா?"

"ஆமா."

"கத்தாம நிக்கிறதுல ஆளே தெரியல. உள்ள வாங்க."

தட்டில் களியும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. முதல் கவளத்திலேயே யோவேலுக்குத் தெரிந்துவிட்டது. அவர் நாக்கு சுருங்கியதை அவளும் பார்த்துவிட்டாள்.

"உப்பு கூடிப்போச்சாண்ணே? அவருக்கு இப்படி இருந்தாத்தான் இறங்கும். ஆளு போய் நாலு வருசமாச்சு. இந்தக் கை மாறமாட்டேங்குது."

யோவேல் தலை நிமிரவில்லை. மெதுவாகத் தின்றார்.

"உங்க வீட்டுல யாரு சமைக்கிறா?"

மூன்று வருஷத்தில் அந்த மலை அவரைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

"நான்தான். என் வீட்டுக்காரி எஸ்தர் போய் ரெண்டு வருஷமாகுது."

அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தார். வாய் நிற்கவில்லை.

"வீட்டுல ஒரு சத்தமும் இல்ல. ரேடியோவைப் பாட விட்டுட்டுத்தான் படுக்குறேன். அப்பவும் தூக்கம் வர்றதில்ல."

சபையில் யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. ஊர் ஊராகப் போய்ச் சமாதானத்தைப் பற்றிப் பேசுகிறவன் இதை எப்படிச் சொல்வான்? எஸ்தரை அடக்கம் பண்ணின அன்றுகூட மற்றவர்களுக்கு ஆறுதல் சொன்னவர் அவர்தான்.

கையில் களியோடு அப்படியே குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கதவு வழியாகப் பனி உள்ளே வந்து இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றது. அது விலகியபோது அவர் தட்டில் இன்னொரு உருண்டை களி இருந்தது.

ஆறாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யோவேல் மலை ஏறாமல் ஜெப வீட்டுக்கு வந்தார். சலோமி பாயை விரித்துக் கொடுத்தார்.

"வேற ஆளை அனுப்புங்க சிஸ்டர். எனக்கு யோக்கியதை இல்ல."

"என்ன ஆச்சு?"

"அஞ்சு வாரம் போனேன். முதல் நாளே அழுதுட்டேன். அதுக்கப்புறம் ஆண்டவரைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. பேசலாம்னு வாயெடுப்பேன், அந்தம்மா அவங்க வீட்டுக்காரர் கதையைச் சொல்ல ஆரம்பிச்சிரும். யானை துரத்துன கதை, அட்டைக் கடிக்கு வைத்தியம் பண்ணின கதை. கேட்டுக்கிட்டே இருப்பேன். எஸ்தரைப் பத்தி நானும் சொல்வேன். பொழுது போயிரும். இறங்கி வந்துருவேன். நான் போனதுக்கு இதுவா வேலை? இன்னைக்கு மலையடி வரைக்கும் போய் வெட்கப்பட்டுத் திரும்பிட்டேன்."

சலோமி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என்றைக்கும் மேலேயே நின்றுவிடும் பனி அன்று ஜெப வீட்டு வாசல்வரை இறங்கியிருந்தது. ரோடு இல்லை, வேலி இல்லை. வெள்ளையாக ஒரு வெளி மட்டும்.

அதற்குள்ளிருந்து கம்பளியை முக்காடு போட்ட ஒருத்தி வந்தாள். வள்ளித்தாய். மூன்று மைல் இறக்கத்தில் வேகமாக வந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கியது.

"மைக்செட்டு அண்ணன் இங்கதான இருக்காரு?" என்று சலோமியிடம் கேட்டாள். "இன்னைக்குச் சாப்பிட வரல. மேலுக்கு முடியலையோன்னு பதறிப்போச்சு."

"நல்லாத்தான் இருக்காரு. உள்ள உட்காந்திருக்காரு."

வள்ளித்தாய் எட்டிப் பார்த்தாள். நிம்மதியானாள். உள்ளே வராமல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அந்தச் சின்ன வீட்டில் அது யோவேலுக்கும் கேட்டது.

"அவருக்குத் தூக்கமே இல்லையாம். நல்லாத் தூங்கணும்னு எங்க மாரியாத்தாகிட்ட சொல்லிட்டேன். அவரு கும்பிடுற சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்னு வந்தேன். அந்தச் சாமிகிட்ட எப்படிப் பேசணும்?"

சலோமி திரும்பி யோவேலைப் பார்த்தார்.



யோவேல் பாயில் நகர்ந்து உட்கார்ந்து, தன் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டார்.