பிரேக் தகடு

வைரவன் கையில் வீல் ஸ்பேனரோடு மடத்துக்குள் நுழைந்தார். செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

குரு செங்கமலத்தம்மா கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வைரவனைவிட அவருக்குப் பத்து வயது குறைவு. ஆனாலும் வைரவனுக்கு அவர்தான் அம்மா. அவருக்கு வைரவன் அண்ணன்.

"செருப்பும் ஸ்பேனருமா வர்றீங்களே அண்ணே. என்மேலயும் ஏதாவது கோபமா?"

வைரவன் சிரிக்கவில்லை.

"மெக்கானிக் தங்கமாயன் பட்டறைக்குப் போறேன். இன்னைக்கு அவன் மண்டை உடையும். இந்தக் கோபத்தை உங்களால நிறுத்த முடிஞ்சா நிறுத்துங்க. இல்லேன்னா நான் போறேன்."

உட்கார்ந்து சொல்லும்படி குரு கேட்டுக்கொண்டார். வைரவன் நின்றபடியே சொன்னார்.

போன வாரம் சிறுமலையிலிருந்து காரில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. மிதிக்க மிதிக்க மிதி உள்ளேயே போனது. பள்ளத்தில் விழாமல் வண்டியை மலைப்பக்கம் ஒடித்துப் பாறையில் மோதி நிறுத்தினார். அவருக்குச் சிராய்ப்புதான். பக்கத்தில் இருந்த மனைவி உமையாளுக்கு வலது கை முறிந்துவிட்டது. இப்போது ஆஸ்பத்திரியில் தலை வாரிக்கொள்ளவும் அவளுக்கு இன்னொருவர் கை வேண்டும். மலைக்குப் போவதற்கு முதல் நாள்தான் தங்கமாயன் அந்தக் காரைப் பார்த்துக் கொடுத்திருந்தான்.

சக்கரத்தை அழுத்திப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேடில் சின்னதாக ஒரு தகடு உண்டு. பேடு தேய்ந்து மெலிந்ததும், சக்கரத்தோடு சுழலும் வட்டில் அந்தத் தகடு உரசிக் கீச்சென்று கத்தும். என்னை மாற்று என்று சொல்வதற்காகவே வைத்த தகடு அது. தங்கமாயன் பேடை மாற்றவில்லை. தகட்டை மட்டும் வளைத்துவிட்டு வண்டியை அனுப்பிவிட்டான்.

"இது கொலைகாரன் வேலை இல்லையாம்மா?"

"செய்யவே கூடாத வேலைதான்" என்றார் குரு.

அது போதும் என்பதுபோல் வைரவன் வாசல் பக்கம் திரும்பினார்.

"பேடு தேஞ்சுபோச்சுன்னு அவன் உங்ககிட்டச் சொல்லலையா அண்ணே?"

வைரவன் நின்றார். சொன்னான் என்றார். புதுப் பேடு மதுரையிலிருந்து வர வேண்டும், அதுவரை வண்டியை எடுக்காதீர்கள் என்றும் சொன்னானாம். ஆனால் மறுநாள் மலையில் மைத்துனன் வீட்டு விசேஷம். பஸ்ஸில் போய் இறங்கினால் மரியாதை இல்லை. கத்துகிற காரில் போய் இறங்கினாலும் மரியாதை இல்லை.

"அதனால?"

"சத்தத்தை மட்டும் நிறுத்திக் குடுடான்னேன்." வைரவனின் குரல் உயர்ந்தது. "நான் ஆயிரம் சொல்லுவேன். அவன் புத்தி எங்க போச்சு? முடியாதுன்னு சாவியைத் தூக்கி என் மூஞ்சியில எறிஞ்சிருக்க வேண்டாமா?"

"எறிஞ்சிருக்கணும். உமையாள் ஆச்சிக்கு இது தெரியுமா?"

தெரியாது. மெக்கானிக் ஏமாற்றிவிட்டான் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார். இடது கையால் தட்டுத் தடுமாறிக் கஞ்சி குடித்துக்கொண்டே அவளும் தங்கமாயனைத் திட்டித் தீர்த்தாள். அவள் திட்டத் திட்ட இவருக்கு அவன்மேல் வெறி ஏறிக்கொண்டே போனது.

வைரவன் ஸ்பேனரைத் தரையில் போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார்.

"தூக்கமே இல்லம்மா. கண்ணை மூடினா நெஞ்சுக்குள்ள ஒரே கூச்சல். ஏதாவது ஒரு மந்திரம் சொல்லிக் குடுங்க. அது அடங்கினாப் போதும்."

குருவின் கை கீரையில் அப்படியே நின்றது. அவர் முகம் சிவந்து வைரவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

"நானும் தகட்டை வளைச்சு அனுப்பணுமா, அண்ணே?"