மடைப் பலகையில் அடித்த ஆணி

உவர்நாட்டை வரைபடத்தில் தேட வேண்டாம். ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகிற அளவுதான் இருக்கும். மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் தேரி என்கிற செம்மணல் மேடு, நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். நாடு சின்னது, ரோஷம் பெரிது. அங்கே அரசர் என்று யாரும் கிடையாது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை தங்களுக்குள் ஒருவரைத் தலைமைக்கு வைப்பார்கள். பிடிக்காவிட்டால் அடுத்த முறை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அப்போது தலைவியாக இருந்தவள் பரிபூரணம். வயது ஐம்பத்தாறு. எடுத்த காரியத்தை அரைகுறையாக விடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அவளுக்கு ஓர் ஆசான் உண்டு. பெயர் ஆவுடையப்பன். சிஷ்யையைவிடப் பதினான்கு வயது இளையவர். தொழில், பாத்தியில் உப்பு வாருவது. ஊரில் மற்றவர்களுக்கு வாய் நீளம் என்றால் இவருக்குக் காது நீளம். அதனாலேயே நாலு பேர் அவரிடம் வந்து உட்கார்ந்தார்கள். அவள் அவரை ஆசானே என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

அந்த வருடம் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு பெரிய வணிகக் கழகத்தின் தூதர் வந்து இறங்கினார். தமிழைப் படித்துத் தேறியவர். எழுதிவைத்து வாசிக்கிற மாதிரிதான் பேசுவார்.

"அம்மையாரே, உங்கள் உப்பு அனைத்தையும் நாங்களே வாங்கிக்கொள்வோம். கப்பல் அணையத் துறைமுகம் கட்டித் தருவோம். உலகமே உங்கள் வாசலுக்கு வரும்."

"அதுக்கு நாங்க என்ன செய்யணும்?"

"அதிகமில்லை. எங்கள் வணிகத்துக்கு இடையூறாக, தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்கு இந்த நாடு எந்தச் சட்டமும் இயற்றக் கூடாது. பிணக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் நகரத்து மன்றம் தீர்ப்பளிக்கும். மூன்று நாளில் கையொப்பம் வேண்டும்."

பரிபூரணம் இரண்டு நாள் தூங்கவில்லை. கையெழுத்துப் போட்டால் பிள்ளைகள் பிழைக்கும். போடாவிட்டால் கப்பல் அடுத்த நாட்டுக்குப் போய்விடும், உப்பு மழையில் கரையும். போட்டால், நாளைக்கு ஒரு கஷ்டம் என்றால் வாயைத் திறக்க முடியாது. ஊரைக் கூட்டிக் கேட்கலாம் என்றால் அதற்கும் பயம். உவர்நாட்டில் நாலு பேர் கூடினால் ஆறு அபிப்பிராயம். பேசி முடிப்பதற்குள் தூதர் கப்பலேறிப் போய்விடுவார். என்னை நம்பித்தானே தலைமையைக் கொடுத்தார்கள், நானே முடிவெடுத்துவிடுகிறேன் என்று நினைத்தாள். ஆனால் எந்த முடிவு?

மூன்றாம் நாள் காலையில் ஆசானைத் தேடி உப்பளத்துக்குப் போனாள். அவர் வாருபலகையோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய பாத்தியில் உப்பு நன்றாக விளைந்து வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"ஆசானே, கையெழுத்துப் போடணுமா, கூடாதா? ஒரே வார்த்தை சொல்லுங்க. அப்படியே செய்யுதேன்."

ஆவுடையப்பன் அவள் நீட்டிய ஒப்பந்தத்தை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"மடைக்குப் போவோம், வாங்கக்கா."

உப்பளத்துக்குக் கடல்நீர் வருகிற வாய்க்காலின் தலையில் ஒரு மடை இருக்கிறது. இரண்டு கல்தூணுக்கு நடுவில் மரச்சட்டம், அதில் ஏறி இறங்குகிற ஒரு பலகை. அந்தப் பலகைக்கு உவர்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தூக்குவதற்குப் பாத்திக்காரர்கள் எல்லோரும் சரி என்று சொல்ல வேண்டும். இறக்குவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. தன் பாத்திக்கு ஆபத்து என்று தோன்றினால் எவரும் ஓடிவந்து இறக்கிவிடலாம். திறக்கப் பிந்தினால் ஒரு நாள் வேலை போகும். மூடப் பிந்தினால் விளைந்த உப்பே போகும். அதனால்தான் அந்த வழக்கம்.

அன்று வாய்க்காலில் நீர் விடக் காலையிலேயே எல்லோரும் சரி சொல்லியிருந்தார்கள். பரிபூரணம் பலகையைத் தூக்கினாள். நீர் சலசலவென்று உள்ளே ஓடியது.

ஆவுடையப்பன் மடியிலிருந்து தோணிக்கு அடிக்கிற நீள ஆணிகளை எடுத்தார். ஆணி பிடுங்குகிற பிளவு வைத்த ஒரு சுத்தியலையும் நீட்டினார்.

"பலகை கீழ எறங்காதபடிக்கு அடிங்க."

அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஆசான் சொன்னால் அதில் ஏதோ இருக்கும். இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக ஆறு ஆணி, தலை மரத்தில் புதைகிற வரைக்கும் அடித்தாள். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

அந்த நேரம் ஒரு தோணி அந்தப் பக்கம் போனது. எதிரே தெரிகிற தீவுக்குச் சிப்பி பொறுக்கப் போகிறவருடைய தோணி. ஆவுடையப்பன் கூப்பிட்டு, சுத்தியலை அவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"இனி உக்காருங்கக்கா."

உட்கார்ந்தார்கள். கடல் ஏறத் தொடங்கியது. முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வாய்க்கால் நிறைந்தது. பிறகு வரப்பைத் தொட்டது. பிறகு வரப்பு ஓரிடத்தில் கரைந்து, மடையை ஒட்டிய முதல் பாத்திக்குள் நீர் இறங்கியது. அது ஆவுடையப்பனுடைய பாத்தி.

"ஆசானே! உங்க உப்பு!"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பரிபூரணம் எழுந்து ஓடிப் பலகையைப் பிடித்து அழுத்தினாள். அசையவில்லை. ஆணியைக் கையாலேயே பிடுங்கப் பார்த்தாள். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

"சுத்தியல் எங்க?"

"தீவுல இருக்கு. நீங்க போயி, நெலமையச் சொல்லி, நம்ம பக்கம் நியாயம் இருக்குன்னு அவருக்குத் தோணுச்சுன்னா வாங்கிட்டு வரலாம்."

"போயிட்டு வர்றதுக்குள்ள எல்லாப் பாத்தியும் கரைஞ்சிருமே!"

"அவரு நல்ல மனுசன்தான். ஆனா அவருக்கு இங்க பாத்தி கெடையாது."

அதற்குள் அடுத்த பாத்தியிலிருந்து ஓர் அலறல் கேட்டது. அந்தப் பாத்திக்காரி உச்சிமாளி. நாளைக்கு வாருவதாக இருந்த உப்பை நோக்கி நீர் வருவதைப் பார்த்துவிட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் கடப்பாரையோடு ஓடிவந்தாள். பலகையைப் பார்த்தாள். ஆணியைப் பார்த்தாள்.

"எந்தப் பாவி அடிச்சது இத?"

"நான்தான்" என்றாள் பரிபூரணம்.

"நீயா? கூறுகெட்டுப் போச்சா ஒனக்கு?"

"ஏட்டி, நான் தலைவி. வாய அடக்கிப் பேசு."

"தலைவியாக்குனது யாரு? நாங்கதானே? பலகையப் பாத்துக்கிடச் சொன்னா, ஆணியா அடிச்சு வைக்க? தள்ளு அங்கிட்டு! இல்லன்னா வந்து இந்தக் கடப்பாரையப் பிடி!"

பரிபூரணத்தை அப்படி யாரும் ஏசியதில்லை. முகம் சிவந்துபோனது. ஆனாலும் கடப்பாரையின் மறுமுனையைப் பிடித்தாள். நாட்டின் தலைவியும் உப்பு வாருகிறவளும் சேர்ந்து, முட்டளவு நீரில் நின்று, ஒவ்வொரு ஆணியாக நெம்பினார்கள். ஆறாவது ஆணி தெறித்ததும் பலகை தடாலென்று இறங்கியது. உச்சிமாளியின் பாத்தி தப்பித்தது. ஆவுடையப்பனின் பாத்தி தப்பவில்லை. ஒரு மாதப் பாடு வெறும் கலங்கல் தண்ணீராகக் கிடந்தது.

உச்சிமாளி போகும்போதும் ஏசிக்கொண்டேதான் போனாள்.

பரிபூரணம் ஈரச் சேலையோடு ஆசானுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அப்போ கையெழுத்துப் போடக் கூடாது. அதானே?"

"நான் அப்படிச் சொல்லலியே. கடல உள்ள விடாம நமக்கு உப்பு ஏது?"

"அப்போ போடணுமா?"

"அதையும் நான் சொல்லல."

"பின்ன என்னதான் சொல்லுதீங்க?"

ஆவுடையப்பன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உடைந்த வரப்புக்குள் இறங்கினார்.

"எனக்கு வேல கெடக்கு அக்கா."

பரிபூரணம் சேலையைப் பிழிந்துகொண்டு வரப்பேறினாள். உச்சிமாளியின் சத்தம் தூரத்தில் இன்னும் ஓயவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க அவளுக்குள் ஒரு முடிவு கெட்டியானது. நேராக நடந்துபோய்ப் பறையறைபவரை எழுப்பினாள்.

"இன்னைக்குச் சாயங்காலம் ஊர்க்கூட்டம். ஒருத்தர் பாக்கியில்லாம வரணும்னு அடிங்க."

செய்தி கேட்டதும் தூதருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அம்மையாரே, முடிவெடுக்கும் அதிகாரம் தங்களிடம்தானே இருக்கிறது?"

"பாத்துக்கிடுறதுக்குக் குடுத்திருக்காங்க. நாளைக்குக் காலையில பதில் சொல்லுதேன்."

"காலம் கடந்தால் கப்பல் புறப்பட்டுவிடும்."

"பொறப்பட்டா பொறப்படட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, கப்பல் இன்னும் நிற்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனாள்.

கூட்டத்தில் ஒப்பந்தத்தை வரி விடாமல் வாசித்தாள். பேச்சு விளக்கு வைத்த பிறகும் நீண்டது. நாலு பேருக்கு ஆறு அபிப்பிராயம் என்ற கணக்கு பொய்க்கவில்லை. ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். கடைசியில் மூன்று பாய் விரித்தார்கள். உவர்நாட்டில் தேர்தல் என்றால் உப்புத்தான், அவரவருக்குப் பிடித்த பாயில் கொட்டிவிட வேண்டியது. ஆளுக்குக் கைப்பிடி என்றுதான் முன்பு இருந்தது. பெரிய கைக்காரனுக்குக் கூடுதல் செல்வாக்கா என்று யாரோ கேட்டதிலிருந்து எல்லோருக்கும் ஒரே தேங்காய்ச் சிரட்டை அளவு.

முதல் பாய், ஒப்பந்தத்தை அப்படியே ஏற்கலாம் என்பவர்களுக்கு. இரண்டாவது, கப்பல் வரட்டும், ஆனால் நான்கு வருடத்துக்கு மட்டும், சட்டமும் தீர்ப்பும் நம் கையில் என்பவர்களுக்கு. மூன்றாவது, கழகத்தோடு ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்பவர்களுக்கு.

வரிசையாக வந்து கொட்டினார்கள். முதல் பாயிலும் கணிசமாக விழுந்தது. பசித்தவர்கள் அவர்கள், குற்றம் சொல்ல முடியாது. இரண்டாவது பாயில்தான் குவியல் எழும்பியது. மூன்றாவதில் கொஞ்சம்தான். அந்தப் பாய்க்குப் போன ஒருவரைப் பார்த்ததும் பரிபூரணத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று குவியல்களை அளக்கப் போனாள்.

காலையில் தூதர் பதிலைக் கேட்டுச் சிரித்தார்.

"உலகில் எந்த நாடும் எங்களிடம் இப்படிக் கேட்டதில்லை."

"இப்போ ஒரு நாடு கேட்டிருக்குன்னு போய்ச் சொல்லுங்க."

கப்பல் போய்விட்டது. நாற்பது நாள் கடலில் ஒரு பாய்மரமும் தெரியவில்லை. விளைந்த உப்பு ஓலை மூடிக் குவியல் குவியலாகக் கிடந்தது. முதல் பாயில் கொட்டியவர்கள் பரிபூரணத்தைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் தினமும் அவர்கள் வீட்டு வழியாகவேதான் நடந்தாள். "இன்னும் பத்து நாள் பாப்போம்" என்பாள். கதவு சாத்துகிற சத்தம்தான் வரும். மறுநாளும் போவாள்.

நாற்பத்தொன்றாம் நாள் கப்பல் வந்தது. கழகத்துக்கும் உப்பு வேண்டித்தான் இருந்தது போலும். தூதர் கொண்டுவந்த புதிய தாளில் நான்கு வருடம் என்று இருந்தது. அந்நிய மன்றத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஊர் முன்னால் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

போட்ட கையோடு உப்பளத்துக்கு ஓடினாள். ஆவுடையப்பன் புதிதாக விளைந்த பாத்தியில் முதல் உப்பை வாரி முடித்திருந்தார்.

"ஆசானே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கக்கா."

"அன்னைக்கு நீங்க கொட்டுனது மூணாவது பாயில."

"ஆமா."

"கழகமே வேண்டாங்கிற பாய்."

"அதே பாய்தான்."

"அப்போ நான் வந்து நின்ன அன்னைக்கே, கையெழுத்துப் போடாதன்னு சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களே."

பரிபூரணம் அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள்.

"இப்போ நீங்க தோத்துட்டீங்க. வருத்தம் இல்லியா?"

"இல்லாம இருக்குமா? ரெண்டு நாள் சோறு எறங்கல."

"பெறகு?"

ஆவுடையப்பன் கால் சேற்றைக் கழுவிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நாலு வருசம் கழிச்சு மறுபடியும் பாய் விரிப்பீங்கள்லா?"

"விரிச்சுத்தானே ஆகணும். நான் இல்லன்னாலும் வேற யாராவது விரிப்பாங்க."

"அதுக்குள்ள பாதி நாட்டுகிட்டப் பேசியாகணும் அக்கா. மொதல்ல உச்சிமாளி. அவ லேசுல மசியமாட்டா. கொஞ்சம் வழிய விடுங்க."