பக்கம் பதினாலுக்குப் போகும் வழி

நேர்வழியூர் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களே சந்தைக்குப் போனால் விசாரித்து விசாரித்துத்தான் வீடு திரும்புகிறார்கள். ஆனால் சொன்ன சொல்லை அப்படியே கேட்பவர்கள் என்று சுற்றுவட்டாரத்தில் அவர்களுக்கு நல்ல பெயர் உண்டு. மாசானத்தைப் பாடாய்ப் படுத்தியது அந்த நல்ல பெயர்தான்.

மாசானத்துக்கு ஒரே மகள், பூமயில். மேலக்கரையில் நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா வரதட்சணை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: "உங்க ஊருல தண்ணிக் கஷ்டம்னு கேள்வி. கல்யாணத்துக்கு நாங்க வந்து எறங்கும்போது குழாயில தண்ணி வரணும் சம்பந்தி. வரலேன்னா வந்த வேனுலயே திரும்பிருவோம்." அன்றிலிருந்து மாசானத்துக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

ஊர் கூடி ஆழ்துளைக் கிணறு போட்டுப் புது மோட்டாரும் வாங்கியது. பொருத்த வந்த கம்பெனிக்காரர் வேலையை முடித்து, ஊர்த்தலைவர் அரியநாயகத்திடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். அரியநாயகம் மூக்குக்கண்ணாடி போட்டிருந்த ஒரே காரணத்தால் தலைவர் ஆனவர்.

"எல்லாம் இதுல இருக்குங்க. எந்தப் பக்கத்துக்குப் போகச் சொல்லுதோ அங்க போங்க. வேற எதுவும் நீங்களா யோசிக்க வேண்டாம்" என்றார் கம்பெனிக்காரர். யோசிக்க வேண்டாம் என்று அந்த ஊரில் சொன்ன முதல் ஆள் அவர்தான். இதுவரை அதற்கு அவசியம் வந்ததில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, மோட்டார் அறை வாசலில் புத்தகத்தைப் பிரித்தார்கள். முதலில் பொருளடக்கம். அதில் 'மோட்டாரை இயக்குதல்' என்று ஒரு வரி, அதன் பின்னால் வரிசையாகப் புள்ளிகள், கடைசியில் 14.

"இதென்னவே புள்ளி?" என்றார் தலைவர்.

வெள்ளையடிக்கிற சொள்ளமுத்து குனிந்து பார்த்தார். "எறும்புச் சாரை மாதிரி போகுது அண்ணாச்சி. வழியாத்தான் இருக்கும். புள்ளி மேலயே நடந்தா பதினாலுக்குப் போயிரலாம்."

"புத்தகத்துக்குள்ள எப்படிவே நடப்பீரு?"

"பக்கத்தையெல்லாம் வெளிய எடுத்து வச்சா நடக்கலாம்லா?"

இப்படி ஒரு மூளை இத்தனை நாள் சுண்ணாம்பு வாளிக்குள் கிடந்து வீணாகிவிட்டதே என்று தலைவர் வருந்தினார். உடனே புத்தகத்தைக் கிழித்து வீட்டுக்கு ஒரு பக்கமாகக் கதவில் ஒட்டினார்கள். வீடுகள் தீர்ந்துபோய்க் கடைசிப் பக்கம் மட்டும் மிஞ்சியது. அதில் 'மோட்டாரை நிறுத்துதல்' என்று இருந்தது. "சம்பந்தி வீடும் நம்ம வீடுதானே" என்று மாசானமே அதை மேலக்கரை பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். சொள்ளமுத்து வாளியோடு புறப்பட்டு, மோட்டார் அறையிலிருந்து பதினாலாம் பக்கம் ஒட்டிய ஆவுடையம்மாள் வீடு வரைக்கும் தெருவில் வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டார்.

புள்ளி பிசகாமல் நடந்து ஊர் முழுவதும் அங்கே போய்ச் சேர்ந்தது. பக்கத்தின் மேல்வரியில், அடைப்புக்குறிக்குள், பொடி எழுத்தில், 'முதலில் பக்கம் 9 பார்க்க' என்று இருந்தது.

"போகச் சொல்ற எடத்தை இம்புட்டுப் பொடியா எழுதினா எவன் கண்ணுக்குத் தெரியும்?" என்று தலைவருக்குக் கோபம் வந்தது.

"அடியில நீலக்கோடு போட்டுருவோம் அண்ணாச்சி. நீலத்தைக் கண்டா எடத்தைக் காலி பண்ணணும்னு எல்லாருக்கும் விளங்கிரும்" என்றார் சொள்ளமுத்து.

"அது ஏன்வே நீலம்?"

"எங்க வீட்டுல வேட்டிக்குப் போடுற சொட்டு நீலம்தான் இருக்கு."

"சரி, போயிட்டு வந்த எடம் எது, போகாத எடம் எதுன்னு எப்படித் தெரியும்?"

"போயிட்டு வந்ததுக்கு மேல குங்குமத்தைத் தடவிருவோம். கத்தரிப்பூ நெறமா ஆயிரும்."

ஊரே கைதட்டியது. மாசானமும் தட்டினார். மோட்டார் இன்னும் ஓடவில்லை என்பது நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

இன்னொரு சங்கதியும் உண்டு. நேர்வழியூரில் ஒரு வீட்டு வாசலில் கால் வைத்துவிட்டால், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் திரும்பக் கூடாது. குடிக்காமல் போனால் ஏழு தலைமுறைப் பகை. கல்யாணச் சமையலுக்கென்று லாரியில் வரவழைத்த தண்ணீரை வீடு வீடாகக் குடங்களில் நிறைத்து வைத்திருந்தார்கள். ஆவுடையம்மாள் ஊருக்கே மொண்டு கொடுத்தாள். குடித்துவிட்டு ஒன்பதாம் பக்கத்துக்குப் போனார்கள். அது இருபத்திரண்டைப் பார்க்கச் சொன்னது. அங்கேயும் குடித்தார்கள். இருபத்திரண்டோ, 'இனி பக்கம் 14-க்குத் திரும்பவும்' என்றது.

திரும்பினார்கள். பதினாலில் கத்தரிப்பூ நிறம் பளிச்சென்று இருந்தது.

"இங்க ஏற்கெனவே வந்தாச்சே?" என்றார் மாசானம்.

"வந்தா என்ன? ஒன்பதைப் பாக்கச் சொல்லுதுல்லா? நட" என்றார் தலைவர்.

அந்த வரிக்குக் கீழேயே 'பச்சைப் பொத்தானை அழுத்தவும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நீலக்கோட்டைக் கண்டதும் கிளம்பிவிட வேண்டும் என்பது ஊர் முடிவு. அதற்குக் கீழே படிப்பது ஊர்க்கட்டுப்பாட்டை மீறுவதாகும். பொழுது சாய்கிற வரைக்கும் சுற்றினார்கள். சுற்றுக்குச் சுற்று நீலமும் குங்குமமும் ஏறின. குடங்கள் காலியாகின.

மாசானம் நினைத்துப் பார்த்தார். வாசலில் பந்தல் நிற்கிறது, மகள் கையில் மருதாணி வைத்துக்கொண்டிருக்கிறாள், சமையலுக்குக்கூடச் சொட்டுத் தண்ணீர் இல்லை. மோட்டார் அறைக்கு வந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து அழுதார். முதுகில் ஏதோ அழுந்தியது. மோட்டார் 'உய்ய்ங்' என்று ஓட ஆரம்பித்தது.

ஊர் ஓடி வந்தது. மகிழ்ச்சியோடு வந்தது என்று நினைக்காதீர்கள், விசாரிக்க வந்தது.

"எந்தப் பக்கத்துலருந்துவே வந்தீரு?" என்றார் தலைவர்.

"சாஞ்சேன் அண்ணாச்சி. வேற ஒண்ணும் பண்ணல."

"பொருளடக்கத்துல சாயுறதுன்னு இருக்கா?"

தேடினார்கள். இல்லை. "அப்ப இது செல்லாது. மோட்டாரை நிறுத்திட்டு, மொறைப்படி வந்து ஓட்டணும்."

மாசானம் காலில் விழுந்தார். "சம்பந்தி வந்து ஒரு தடவை கண்ணால பாத்துரட்டும் அண்ணாச்சி! அப்புறம் என்னமும் பண்ணுங்க." தலைவர் இளகினார். பச்சைக்குப் பக்கத்திலேயே சிவப்புப் பொத்தான் ஒன்று, 'நிறுத்து' என்று எழுதியபடி இருப்பதை, அப்புறம் நிறுத்த உதவுமே என்று சொள்ளமுத்து காட்டினார். "பொத்தான் சொல்லைக் கேக்கிறதா, புத்தகம் சொல்லைக் கேக்கிறதா?" என்று தலைவர் அதட்டினார். சொள்ளமுத்து வெட்கப்பட்டார்.

மேட்டில் வீடு கட்டினால் ஏறி இறங்க வேண்டுமே என்று பள்ளத்தில் கட்டிய ஊர் அது. தொட்டி நிரம்பி வழிந்து, விடிவதற்குள் தெருவில் இடுப்பளவு நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வேட்டியைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். "தண்ணி போதுமா சம்பந்தி?" என்று மாசானம் கண்கலங்கக் கேட்டார். சம்பந்தியால் போதாது என்று சொல்ல முடியவில்லை. நாற்காலி மேல் நின்று தாலி கட்டினான் மாப்பிள்ளை. மாசானத்துக்கு ஜென்மம் சாபல்யமானது.

இப்போது தண்ணீர் நெஞ்சுக்கு வந்திருந்தது. "மொதல்ல அதை நிறுத்துங்கய்யா!" என்று கத்திய சம்பந்தி, பஸ்ஸில் வந்த காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் படித்தார்: 'நிறுத்தும் பொத்தான் எதுவென்று அறிய, பக்கம் 14 பார்க்க.'

மாசானம் நீந்தினார். புள்ளிகள் எல்லாம் கரைந்துவிட்டிருந்தாலும் நேற்று நடந்த பழக்கத்தில் ஆவுடையம்மாள் வீட்டைக் கண்டுபிடித்தார். உள்ளே கழுத்தளவு. கட்டில் மிதந்தது, கட்டில்மேல் ஆட்டுக்குட்டி மிதந்தது. கதவில் பதினாலாம் பக்கம் நீலமும் குங்குமமும் கழுவப்பட்டுச் சுத்தமாக, ஒவ்வோர் எழுத்தும் தெரிய ஒட்டிக்கொண்டிருந்தது. மாசானம் அதைப் படிக்க வாயைத் திறந்தார்.

"தம்பி!" என்று ஆவுடையம்மாள் தடுத்தாள். "வந்த வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்காமலா காரியம் பாக்கிறது?"

"தப்புத்தான் அக்கா. குடுங்க."

ஆவுடையம்மாள் அடுக்களைப் பக்கம் நீந்திப் போய்க் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். அவள் முகம் சுண்டிப்போனது.

"நேத்து வந்தவுக ஒரு சொட்டு விடாம குடிச்சிட்டாக தம்பி. வெறும் வாயோட உம்மை அனுப்பமாட்டேன். இங்கயே இரும், பக்கத்து வீட்டுல கடன் வாங்கிட்டு வாரேன்" என்று காலிக் குடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதன் துணையில் மிதந்தபடி தண்ணீர் தேடிப் போனாள்.

மாசானம் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மரியாதையாகக் காத்திருந்தார்.